பயப்படத் தெரிந்த ஹமீதா பானு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, புதுவாயல் கூட்டுச் சாலையில் கம்பெனி வண்டிக்காக நின்றுகொண்டிருந்தபோது அந்த அழைப்பு வந்தது. திரையில் ஹமீதா மேடத்தின் பெயர் தெரிந்தது. இன்றைக்கு விடுப்பு சொல்லப் போகிறார் என்று நினைத்துக்கொண்டுதான் எடுத்தேன். மறுமுனையில் பேசியவர் அவருடைய கணவர் காதர் பாய்.

"ஏகாம்பரம் சாரா? ஹமீதா மவுத்தாயிடுச்சு சார்."

ஆந்திரா பக்கம் போகும் லாரிகளின் இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடியும் கேட்டேன். அவர் மறுபடியும் அதையே சொன்னார். விடியற்காலையில் நெஞ்சு வலி என்றாராம். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வண்டி வந்து, ஹாரன் அடித்து, என்னை விட்டுவிட்டுப் போனது.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அப்போது எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல, பயம். இனி அந்தச் சோதனை அறையின் வாசலில் யார் நிற்பார்கள் என்ற பயம். இத்தனை நல்ல மனுஷி இறந்துபோன வேளையில் இவன் தன்னைப் பற்றி நினைக்கிறானே என்று எனக்கே அவமானமாக இருந்தது. அழுகை மறுநாள்தான் வந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹமீதா பானு பழவேற்காட்டில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். பாலிடெக்னிக்கில் மின்னியல் படித்தவர். வயது நாற்பத்தாறு, எனக்கும் அதே வயதுதான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், மின்சார ஆட்டோக்களுக்கு பேட்டரி பேக் செய்யும் எங்கள் சிறிய ஆலையில் அவர் சோதனைப் பிரிவின் பொறுப்பாளர். நான் பேக் கட்டும் பிரிவின் மேற்பார்வையாளர். நாங்கள் கட்டியதை அவர் சோதிப்பார். அவர் கையெழுத்துப் போடாமல் எந்தப் பெட்டியும் கேட்டைத் தாண்டாது.

ஏழு வருடங்களுக்கு முன் அவர் நேர்முகத்துக்கு வந்த நாளில் நானும் அந்த அறையில் இருந்தேன். அப்போதிருந்த மேலாளர் கேட்டார்: "பெரிய கரன்ட்ல டிஸ்சார்ஜ் டெஸ்ட் பண்ணணும். பயம் கியம் ஒண்ணும் இல்லையே?"

"பயம் இருக்குது சார்," என்றார் ஹமீதா. "பயம் இல்லாதவங்கள அந்த ரூமுக்குள்ள உடாதீங்க."

மேலாளர் சிரித்தார். நானும் சிரித்தேன். வேலைக்குச் சேர வந்த இடத்தில் இப்படியும் ஒருவர் பேசுவாரா என்று நினைத்தேன்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே எங்களைப் படுத்த ஆரம்பித்தார். அதுவரை சோதனை என்பது தகர ஷெட்டின் மூலையில், மேஜை மேல், எல்லோரும் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க நடக்கும் காரியம். அவர் செங்கல் சுவர் கேட்டார். இரும்புக் கதவு கேட்டார். பேட்டரி உள்ளே, மனிதர்கள் வெளியே. ஓட்டுவதும் நிறுத்துவதும் வெளியிலிருந்துதான் என்றார். பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். வோல்டேஜ் அளப்பதற்குத் தனியாக மெல்லிய ஒயர், ஏனென்றால் பெரிய கரன்ட் போகும் தடித்த ஒயரிலேயே அளந்தால் ஒயரில் விழும் வோல்டேஜையும் சேர்த்துக் காட்டி ஏமாற்றிவிடும். ஒவ்வொரு செல் வரிசை மேலும் சூட்டை அளக்கும் ஒரு முனை. மூன்று டிரம் மணல். கடைசியாக, மோதிரம், வாட்ச், வளையல், இடுப்பில் அரைஞாண் இருந்தால் அதுவும், எல்லாம் கழற்றி வைத்துவிட்டுத்தான் கிட்டே வரவேண்டும்.

"நாப்பத்தெட்டு வோல்ட்டு மேடம். கையில புடிச்சா கூட ஷாக் அடிக்காது. இதுக்குப் போயி..." என்றேன்.

"ஷாக் அடிக்காது சார். அதனாலதான் யாரும் பயப்பட மாட்டேங்கிறாங்க," என்றார்.

இரண்டு மாதம் கழித்து எனக்குப் புரிந்தது. ஒரு பேக்கின் முனையை இறுக்கிக்கொண்டிருந்தேன். ஸ்பானர் கை வழுக்கி இரண்டு முனைகளுக்கும் குறுக்கே விழுந்தது. வெள்ளை வெளிச்சம், பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். கண் தெளிந்து பார்த்தால் ஸ்பானர் முனையோடு ஒட்டிக்கொண்டு சிவந்திருந்தது. அதன் நடுப்பகுதி மெழுகு போலத் தொய்ந்திருந்தது. அது என் கையில் இருந்த ஸ்பானர். அரை வினாடிக்கு முன் என் விரல்கள் அங்கே இருந்தன. நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஹமீதா என் எதிரே வந்து தன் வலது கையை நீட்டிக் காட்டினார். அது வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"என் கைய பாருங்க சார். நான் அங்க தூரமா நின்னுக்கினு இருந்தேன். எனக்கே இப்படி. உங்களுக்கு நடுங்கலன்னா ஆச்சரியம்," என்றார். அதற்கப்புறம்தான் என் கைகளை முன்னால் கொண்டுவந்தேன்.

அன்றைக்கு மதியம் சாப்பாட்டு நேரத்தில் தன் பழைய கம்பெனியில் நடந்ததைச் சொன்னார். அங்கே அவரோடு வேலை செய்த ஒருவர், கல்யாணமாகி நாற்பது நாள்கூட ஆகாதவர். ஸ்பானரைப் பிடித்த கையின் மோதிரம் பேட்டரியின் மறு முனையில் பட்டுவிட்டது. "ஒரு செகண்டுதான். மோதிரம் செவசெவன்னு ஆயிடுச்சு. கழட்டவும் முடியல. தண்ணி ஊத்தினோம். அவுரு கத்துனது இன்னும் காதுல கேக்குது." சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு, "அந்த முனை லூசா இருக்குது, டைட் பண்ணுங்கன்னு சொன்னது நான்தான்," என்றார். அவர் எதற்காகப் பயந்தார் என்று அதன்பிறகு நான் கேட்கவில்லை. அவரும் அந்தக் கதையை மறுபடி எடுக்கவில்லை. என் கல்யாண மோதிரம் அன்றிலிருந்து வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது.

சோதனையை அவர் செய்யும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முழுக்க சார்ஜ் ஏறிய பேக்கை நூறு ஆம்பியரில் காலி செய்தால் போதும் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். அவர் இருநூறில் காலி செய்வார். "மெதுவா கேட்டா எல்லா பேட்டரியும் நல்ல பேட்டரிதான். எட்டு பேர ஏத்திக்கினு மேம்பாலம் ஏறும்போது வண்டி மெதுவாவா கேக்கும்?" என்பார். கரன்டை இழுத்து பேக்கைக் காலி செய்யும் லோடு கருவி ஓடத் தொடங்கியதும் கணினித் திரையில் கோடு வரையத் தொடங்கும். முதலில் சட்டென்று ஒரு இறக்கம். பிறகு நீளமாக, தட்டையாகப் போகும். கடைசியில் ஒரு வளைவு, அதற்குப் பிறகு பள்ளத்தில் விழுவது போலச் சரிவு. அந்த வளைவை அவர் முட்டி என்பார். "முட்டி வந்திருச்சு, நிறுத்து," என்பார். முட்டிக்குக் கீழே ஒரு அடி போனாலும் செல் செத்துப்போகும், அல்லது அதைவிட மோசமாக, சாகாமல் உள்ளே கெட்டுப்போகும் என்பது அவர் பயம். கோடு ஓடும் நேரம் முழுக்க நாற்காலியில் உட்கார மாட்டார். நின்றுகொண்டே பார்ப்பார். உதடு ஏதோ ஓதிக்கொண்டிருக்கும்.

இரண்டு வருடங்களுக்கு முன், அக்னி நட்சத்திரத்தின்போது நடந்ததை இனிச் சொல்ல வேண்டும்.

அப்போது வேறொரு மேலாளர் வந்திருந்தார். செல்கள் வழக்கமான இடத்திலிருந்து வராமல் புதிதாக ஓரிடத்திலிருந்து வந்திருந்தன. வாடிக்கையாளர் தரப்பிலிருந்து இரண்டு பேர் சோதனையை நேரில் பார்க்க வந்து அமர்ந்திருந்தார்கள். இருநூறு ஆம்பியரில் ஓட்டம் தொடங்கியது. பதினோராவது நிமிடம், தட்டையாகப் போய்க்கொண்டிருந்த கோட்டில் ஒரு சிறு பள்ளம் விழுந்தது. கண் சிமிட்டியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. அதே நேரத்தில் சூடு காட்டும் எட்டுக் கோடுகளில் ஐந்தாவது மட்டும் மற்றவற்றை விட்டு மேலே பிரிந்தது. ஹமீதா சிவப்புப் பொத்தானை அடித்தார்.

"இன்னா மேடம், இன்னும் பாதி கூட முடியல," என்றார் மேலாளர்.

"அஞ்சாவது வரிசை சரியில்ல சார்."

"பொறம்போக்கு ஒயரு எதனா லூசா இருக்கும். ஏகாம்பரம், உள்ள போயி கேபிள கழட்டு. வேற பேக்க மாட்டிக் காட்டிடலாம். இவங்க ஃபிளைட்டுக்குப் போணும்."

நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். பயமாகத்தான் இருந்தது, ஆனால் உள்ளே இருப்பதைவிட மேலாளர் மேல் எனக்குப் பயம் அதிகம். ஹமீதா வந்து கதவில் முதுகை வைத்து நின்றுகொண்டார்.

"ஒரு மணி நேரத்துக்கு யாரும் உள்ள போகக் கூடாது சார்."

"நிறுத்தியாச்சு இல்ல? கரன்ட்டே போகல. அப்புறம் இன்னா?"

"நிறுத்தின பின்னாடிதான் சார் பார்க்கணும். அங்க பாருங்க."

திரையில் ஐந்தாவது கோடு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. ஐம்பத்தேழு. ஐம்பத்தொன்பது. அறுபத்திரண்டு. வாடிக்கையாளர்களில் ஒருவர் எழுந்து நின்றுவிட்டார். மேலாளருக்கு அவமானமாகிவிட்டது. "தள்ளுங்க மேடம். ஏகாம்பரம், போ," என்றார்.

அப்போது ஹமீதா சொன்னதை எழுத்துக்கு எழுத்து என்னால் சொல்ல முடியும். "எனக்கு உள்ள போகப் பயமா இருக்குது. எனக்குப் பயமா இருக்கிற எடத்துக்கு இவர அனுப்ப மாட்டேன்."

அவர் சொல்லி முடித்த பிறகு எத்தனை நேரம் என்று தெரியாது, ஒரு நிமிடமோ இரண்டோ. உள்ளே குக்கர் பெருமூச்சு விடுவது போல ஒரு சத்தம். கதவின் அடியிலிருந்து வெள்ளைப் புகை நாக்கு நீட்டியது. இனிப்பும் காரமுமாக ஒரு நாற்றம். "ஓடுங்க!" என்று கத்தினார். நாங்கள் ஓடினோம். பின்னால் தொம்மென்று ஒன்று, அப்புறம் இன்னொன்று. திரும்பிப் பார்த்தபோது ஹமீதா மட்டும் இன்னும் அங்கேயே, பக்கத்துப் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராக இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். முந்தானையை மூக்கில் சுற்றியிருந்தார். அவர் வெளியே வருவதற்குள் இரும்புக் கதவு வளைந்துவிட்டது.

கேட்டுக்கு வெளியே வந்ததும் எங்களை எண்ணினார். ஒருமுறை எண்ணி, நம்பாமல் இன்னொரு முறை எண்ணினார். பதினேழு பேர். எல்லோரும் இருந்தோம். அதன்பின் வேலி ஓரமாகப் போய்க் குந்தி வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, வந்திருந்த வாடிக்கையாளர்கள் காதில் விழும்படியாகவே, "ரொம்ப பயந்துட்டேன்," என்றார். வேறு யாரும் அதைச் சொல்லவில்லை. நான் அவர் தடுத்த கதவையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சுவருக்குள் கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நின்றிருப்பேன்.

இப்படி என் உயிரைக் காப்பாற்றியவருக்கு அடுத்த பத்து நாளில் நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் இதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுதினால் அது பொய்யாகிவிடும்.

புகையை உள்ளிழுத்ததால் அவரைப் பத்து நாள் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார் மருத்துவர். மூன்றாம் நாள் மேலாளர் என்னை அழைத்தார். "தீ புடிச்சதுக்குக் கனெக்ஷன் லூசுன்னு நான் எழுதுனா உன் டிபார்ட்மென்ட் தலையில உழும். உன் வேலையே போகும். செல்லு நல்ல செல்லுன்னு நாலு ரிப்போர்ட் வந்தா அந்த ஒரு பேக்கு மட்டும்தான் கெட்டதுன்னு முடிச்சிடலாம், எல்லாருக்கும் நிம்மதி. லோட பாதியா வை. மேல இருநூறுன்னு போடு." மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். ஆரணியில் வீடு பாதி கட்டி நின்றிருந்தது. இதெல்லாம் காரணங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் உண்மையான காரணம் பயம். பின்பக்க ஷெட்டில் தற்காலிகமாக லோடைப் பொருத்தி, அதே செல்களில் கட்டிய எட்டு பேக்குகளை நூறு ஆம்பியரில் காலி செய்தேன். எத்தனை நிமிடம் ஓடியது என்று தெரியாதபடி கிராஃபின் அடிக்கோட்டில் நேரத்தை எடுத்துவிட்டேன். தலைப்பில் இருநூறு என்று தட்டச்சு செய்தேன். அவர் போட வேண்டிய இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். எட்டு பெட்டிகளும் பொன்னேரியில் இருந்த விற்பனையாளருக்குப் போய்விட்டன.

பதினோராம் நாள் ஹமீதா வந்தார். இன்னும் இருமல் இருந்தது. என் கிராஃப் ஒன்றையும், பழைய செல்லில் தான் எடுத்த கிராஃப் ஒன்றையும் எடுத்தார். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"சார், இங்க வாங்க," என்றார். "இது இருநூறுல எடுத்ததா?"

"ஆமா மேடம்."

"ஆரம்பத்துல எறங்கற எறக்கத்த பாருங்க. எனக்கு இவ்ளோ எறங்குது. உங்களுக்குப் பாதிதான். கூட கேட்டா கூட எறங்கணும் இல்ல? இந்த வெயில்ல சூடும் ஏறல." விரலை எடுக்காமலே என்னைப் பார்த்தார். "இது நூறு."

தலை குனிந்து நின்றேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் முகம் வெளுத்துப்போய், "எங்க அந்தப் பேக்கெல்லாம்?" என்றார். அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

விற்பனையாளரைத் தொலைபேசியில் பிடித்தோம். ஆறு பெட்டிகள் அவருடைய கிடங்கிலேயே இருந்தன. ஒன்று ஆரம்பாக்கத்தில் ஒரு வண்டியில். அந்த வண்டிக்காரர் வீட்டில் விசேஷம், ஒரு வாரமாக வண்டியை எடுக்கவில்லை. இன்னொன்று புதுவாயலில் ஓடும் ஷேர் ஆட்டோ. தினமும் தொழிற்பேட்டைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு வருவது. அந்த ஓட்டுநரின் எண்ணுக்கு அடித்தோம், அடித்தோம், எடுக்கவேயில்லை.

"மேலாளர் கிட்ட சொல்லிட்டு..." என்றேன்.

"அது அப்புறம். வண்டி ஓடிக்கினு இருக்குது," என்றார்.

இருவரும் புதுவாயல் போய் சர்வீஸ் சாலையில் நின்றோம். மதியம் பன்னிரண்டரை. தார் உருகும் வெயில். தூரத்தில் ஓர் ஆட்டோ தெரியும்போதெல்லாம் நம்பர் பலகையைப் பார்க்கக் கழுத்தை நீட்டினேன். கிட்டே வந்தால் டீசல் வண்டி. அடுத்தது வேறு நம்பர். ஒவ்வொன்றிலும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து, வயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் உட்காரும் சீட்டுக்கு அடியில்தான் பேட்டரி இருக்கும். ஹமீதா வாய்க்குள் ஓதிக்கொண்டே இருந்தார். "எனக்குத் தலை சுத்துது சார். எதனா பேசுங்க," என்றார் ஒருமுறை. "மன்னிச்சிடுங்க மேடம்," என்றேன். "அத இப்ப பேசாதீங்க," என்றார்.

முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு அந்த வண்டி வந்தது. உள்ளே ஏழு பெண்கள். ஹமீதா நடுச்சாலைக்கே போய்க் கையைக் காட்டி நிறுத்தினார். சீட்டின் பக்கவாட்டுத் தகரத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். குரலை உயர்த்தாமல், "எறங்குங்கம்மா. ஒண்ணும் இல்ல, எறங்கி அப்படிக்கா அந்த மரத்தாண்ட போய் நில்லுங்க," என்றார்.

ஓட்டுநர் ஆந்திர எல்லையோரத்துக்காரர். "இன்னா நைனா இது, சவாரி நேரத்துல பேஜாரு பண்ணிக்கினு?" என்று என்மேல் பாய்ந்தார். ஹமீதா அவரிடம் சொன்னார்: "நாங்க செஞ்சி குடுத்த பேட்டரிங்க இது. அதுல தப்பு இருக்கலாம். எனக்குச் சந்தேகமாத்தான் இருக்குது, நிச்சயமாத் தெரியல. ஆனா ரொம்ப பயமா இருக்குது." அந்த மனிதர் அவர் முகத்தைப் பார்த்தார். வேறொன்றும் கேட்காமல் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இறங்கினார்.

வண்டியைக் காலி மனையின் நடுவே தள்ளிவிட்டு, முப்பது அடி தள்ளி மூன்று மணி நேரம் நின்றோம். பெண்களை வேறு வண்டியில் அனுப்பிவிட்டோம். அது எரியவில்லை. புகையவும் இல்லை. ஒன்றுமே ஆகவில்லை. வெயிலில் பச்சையும் மஞ்சளுமாக அது பாட்டுக்கு நின்றது.

"இன்னாம்மா, ஒண்ணும் ஆவலியே?" என்றார் ஓட்டுநர்.

"ஆவலன்னா நல்லதுதானே அண்ணா," என்றார் ஹமீதா.

சீர் செய்த அறையில் நான்கு நாள் கழித்து அந்தப் பேக்கை இருநூறு ஆம்பியரில் ஓட்டினார். என்னையும் பக்கத்தில் நிற்க வைத்தார். ஒன்பதாவது நிமிடம் கோட்டில் அதே சிறு பள்ளம். ஒரு சூட்டுக்கோடு பிரிந்து மேலே கிளம்பியது. பொத்தானை அடித்தார். இந்த முறை சூடு எழுபதைத் தொட்டு, நின்று, மெல்ல இறங்கியது. அப்போதுதான் அவர் முதன்முதலாக என்மேல் கோபப்பட்டார். "ஏழு பொம்பளைங்க சார்," என்றார். அவ்வளவுதான். கண்ணில் நீர் நின்றது.

முதலாளியிடம் அவரே போனார். நான் செய்ததை அவர் சொல்லவில்லை. "நீங்களே உங்க கையால எழுதிக் குடுங்க. பயந்துதான் பண்ணேன்னு எழுதுங்க. அதுல ஒண்ணும் கேவலம் இல்ல. பயத்த மறைச்சதுதான் தப்பு," என்றார். எழுதிக் கொடுத்தேன். மேலாளர் போனார். செல்கள் திரும்பிப் போயின. எனக்கு இரண்டு மாதம் தற்காலிகப் பணிநீக்கம். வேலை முழுதாகப் போகாமல் தப்பியதற்கு யார் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

திரும்பி வந்தபின் பல வாரங்கள் அவர் என்னிடம் வேலையைத் தவிர வேறு பேசவில்லை. அது நியாயம்தான். ஒருநாள் காலை, நாஷ்டா நேரத்தில், சோதனை அறைக் கதவில் இரண்டாவதாக ஒரு பூட்டு தொங்குவதைப் பார்த்தேன். அதன் சாவியை என் மேஜைமேல் வைத்தார்.

"இனிமே ரெண்டு பேரு இல்லாம இந்தக் கதவு தொறக்காது. ஒண்ணு எங்கிட்ட. ஒண்ணு உங்ககிட்ட."

"என்கிட்டயா மேடம்? நான் பண்ணதுக்கு அப்புறமா?"

"நீங்க தெரிஞ்சே பண்ணி, அதுல இன்னா ஆகும்னு கண்ணால பாத்தவரு. இனி அந்தப் பக்கமே போக மாட்டீங்க," என்றார். அன்றிலிருந்து என்னை அண்ணா என்று கூப்பிடத் தொடங்கினார்.

அதன் பிறகு ஏறக்குறைய இரண்டு வருடங்கள். நூற்றுக்கணக்கான கோடுகளைச் சேர்ந்து பார்த்தோம். அவர் பயம் குறையவேயில்லை. ரயிலில் பொன்னேரியிலிருந்து வரும்போதே ஓத ஆரம்பித்துவிடுவேன் என்பார். ஒவ்வொரு ஓட்டம் முடிந்து சூடு இறங்கியதும் ஒரு டம்ளர் தண்ணீர் முழுக்கக் குடிப்பார். இவ்வளவு பயப்படுகிறவர் ஏன் இந்த வேலையை விடவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "நான் உட்டுட்டா பயப்படாத ஒருத்தன் வந்து நிப்பான் அண்ணா. அத நெனச்சா இன்னும் பயமா இருக்குது," என்றார்.

செவ்வாய்க்கிழமை மாலை, அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். பழவேற்காட்டில் அவர்கள் வீட்டுத் தெரு முழுக்க ஆட்கள். எங்கள் ஆலையிலிருந்து அத்தனை பேரும் போயிருந்தோம். பெண்கள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து சுவரில் சாய்ந்து அழுதார்கள். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அது அவர்கள் முறையில்லை. உடலை வைத்த சந்தூக்கு வெளியே வந்தபோது தோள் கொடுக்கலாமா என்று தயங்கி நின்றேன். காதர் பாய் என் கையைப் பிடித்து இழுத்துத் தன் முன்னால் விட்டார். பத்து அடி தூரம் தூக்கினேன். ஏரிக்காற்று பலமாக வீசியது.

கபர்ஸ்தானில் எல்லாம் முடிந்து ஆட்கள் கலையும்போது காதர் பாய் என்னருகே வந்து நின்றார். அவரிடம் கேட்கக்கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "கடைசியா எதனா சொன்னாங்களா பாய்?"

"வண்டில போவும்போது சொல்லிச்சு," என்றார். "'பயமா இருக்குதுங்க, கைய உடாதீங்க'ன்னுச்சு. நான் உடல சார். ஆஸ்பத்திரிக்காரங்கதான் பிரிச்சாங்க."

புது மண்ணின் தலைமாட்டில் யாரோ ஒரு பச்சைக் கிளையை நட்டிருந்தார்கள். ஒருவர் குடத்திலிருந்து நீரைக் கையால் அள்ளி மண் முழுக்கத் தெளித்துக்கொண்டு வந்தார். உலர்ந்த கடல் மணல் இடம் இடமாகக் கறுத்து, பிறகு ஒரே நிறமானது. அந்தக் கிளை காற்றில் படபடத்தது, ஆனாலும் சாயவில்லை.

ஹமீதா மேடம், உங்களைப் போல வாய்விட்டுச் சொல்லக் கற்றுக்கொள்ள எனக்கு இத்தனை நாளாயிற்று: எனக்குப் பயமாக இருக்கிறது. போய் வாருங்கள், அம்மா. அமைதியாகத் தூங்குங்கள்.